பதினொரு மணி ஜன்னல்

நடக்கவே முடியாது என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்து உதவித்தொகை வாங்குகிற மனிதன், காலை பதினொரு மணிக்கு, மூன்றாவது மாடி ஜன்னலில் நெட்டுக்குத்தலாக நின்றுகொண்டிருந்தான்.

பெரியவள் இஸ்திரிப் பெட்டியை அந்தரத்தில் பிடித்தபடி பார்த்தாள். கண் கூசியது. அவன் சட்டைக்குக் குறுக்கே ஒரு பெல்ட் மட்டும் தெரிந்தது. எதிர்க் கட்டடத்தில் வெயில் முழுக்க அந்த ஜன்னலுக்குத்தான். அவளுடைய லாண்டரிக் கடைக்கும், கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை வீட்டுக்கும் வெயில் எட்டிப் பார்ப்பதே இல்லை. இங்கே எல்லாம் நீராவிதான்.

நிற்பவன் வேறு யாருமில்லை, அவள் கணவனின் சொந்தத் தம்பி. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். இரண்டு வருடங்களுக்கு முன்னால் லிஃப்ட் குழிக்குள் விழுந்தான். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை என்று டாக்டர்கள் கையை விரித்தார்கள். அதன் பிறகு அரசாங்கம் வந்தது. மாதா மாதம் உதவித்தொகை, எதிர்க் கட்டடத்தில் வீடு, ஏறி இறங்க லிஃப்ட். அவன் பெண்டாட்டி, அதாவது பெரியவளின் ஓரகத்தி, மகாராணி மாதிரி குடியேறினாள். வீட்டில் எல்லோரும் அவளைச் சின்னவள் என்பார்கள். இவளைப் பெரியவள் என்பார்கள். பெயரோடு சரி, பெரியவளுக்கு என்று பெரிதாக எதுவும் கிடைத்ததில்லை.

"என்னங்க, இங்க வாங்க. உங்க தம்பியைப் பாருங்க."

லாண்டரிக்காரர் பாய்லர் பக்கத்திலிருந்து தலையை நீட்டினார். "பாத்துட்டுத்தான் இருக்கேன். தினமும்தான் நிக்கிறான்."

"தினமும் நிக்கிறாரா! அதை இவ்வளவு சாதாரணமா சொல்றீங்க?"

"அது வந்து, டாக்டர் அவனை..."

"வேண்டாம். அந்த வீட்டுப் பேச்சு இந்தக் கடையில வேண்டாம்."

அவர் வாயை மூடிக்கொண்டார். பெரியவள் கையில் சூடான இரும்பு இருக்கும்போது வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்பது பதினான்கு வருட இல்லறத்தில் அவர் கற்ற பாடம்.

அன்று காலைத் தபாலில்தான் வரி நோட்டீஸ் வந்திருந்தது. அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு மாட்டியிருந்தாள். போகும்போதும் வரும்போதும் அது கண்ணில் குத்தியது.

"நான் பத்து மணி நேரம் நிக்கிறேன். காலு ரெண்டும் உரலாட்டம் வீங்கிக் கிடக்கு. நின்னு சம்பாதிச்சு வரி கட்டறேன். அந்த வரியில அவ உக்காந்து சாப்பிடறா. இதுக்கு நான் எப்ப சம்மதிச்சேன்? யாராவது என்னைக் கேட்டாங்களா?"

"நாளைக்கு நானே தடுக்கி விழுந்தா? எனக்கும் அதே வரிதானே சோறு போடணும்?"

"நீங்க ஏன் விழறீங்க? உக்காந்திருக்கிற ஆள் விழமாட்டார்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், வாஷிங் மெஷின்.

போன மாதம் அந்த வீட்டுக்கு ஒரு வேனில் புத்தம் புது வாஷிங் மெஷின் வந்து இறங்கியது. படுக்கையில் கிடப்பவருக்கு விரிப்பு அடிக்கடி மாற்ற வேண்டுமாம், அதனால் அரசாங்கம் கொடுத்ததாம். லாண்டரி நடத்துகிறவள் கட்டுகிற வரியில், லாண்டரிக்கு எதிர் வீட்டில், வாஷிங் மெஷின்! இவள் காதில் புகை வந்தது. பாய்லர் புகை என்று கணவர் நினைத்துக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால் புகைச்சல் அதற்கும் முந்தியது. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் மூன்று வேளைச் சாப்பாட்டைத் தூக்குப் பாத்திரத்தில் சுமந்து போனவள் பெரியவள். பஸ்ஸில் நின்றுகொண்டே. புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று சின்னவள் வந்தவர்கள் எல்லோரிடமும் கண் கலங்கச் சொன்னாள்: "அரசாங்கம் மட்டும் இல்லன்னா நாங்க செத்திருப்போம்."

நாற்பது நாள். நூற்றிருபது சாப்பாடு. ஒரு வார்த்தை இல்லை. பெரியவள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தவள்தான். அதன் பிறகு அந்த வாசல் படியை மிதிக்கவில்லை.

மத்தியானம் கணவர் டெலிவரிக்குப் போன நேரம். ஒரு தாளை எடுத்தாள். பேனா தேடினாள், கிடைக்கவில்லை. துணிச்சீட்டில் எண் எழுதுகிற அழியாத மைப் பேனாதான் கைக்கு வந்தது. கையெழுத்து தெரியக் கூடாதென்று இடது கையால் கோணல்மாணலாக எழுதினாள்.

'எண் 69, மூன்றாவது மாடி. நடக்க முடியாதவர் என்று உதவி வாங்குபவர் தினமும் காலை பதினொரு மணிக்கு எழுந்து நிற்கிறார். என் கண்ணால் பார்த்தேன். இப்படிக்கு, ஒழுங்காக வரி கட்டும் ஒரு பிரஜை.'

இரண்டு தெரு தள்ளிப் போய்த் தபால் பெட்டியில் போட்டாள். கடிதம் உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. யாரோ தோளைத் தொட்டது போல் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை.

அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை, அந்த ஆள் கடைக்கு வந்தார்.

ஒல்லியான மனிதர். சாம்பல் நிறக் கோட்டு. கோட்டின் மார்பில் பெரிய காப்பிக் கறை.

"பஸ்ல பக்கத்துல நின்ன ஆள் கொட்டிட்டார். வெள்ளிக்கிழமை கிடைக்குமா அம்மா?"

"கிடைக்கும் சார். பாக்கெட்ல ஏதாவது இருக்கான்னு பாத்துக்குங்க."

அவர் அவசரத்தில் இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு, ரசீதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எண் 196.

இந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. துவைக்கும் முன் ஒவ்வொரு பாக்கெட்டையும் உள்ளும் புறமும் திருப்ப வேண்டும். அகப்பட்டது எதுவானாலும் ஒரு கவரில் போட்டு, பின் அடித்து, எண் எழுதி, துணியோடு திருப்பித் தர வேண்டும். காசு, காதல் கடிதம், கழற்றி வைத்த பல்செட்டு, எதுவானாலும். பதினான்கு வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. 'இவங்க கடையில பாக்கெட்ல உசுரை வச்சாலும் திரும்பி வரும்' என்று தெருவில் பெயர்.

பெரியவள் கோட்டின் உள் பாக்கெட்டில் கையை விட்டாள். நான்காய் மடித்த ஒரு தாள் வந்தது. பிரித்தாள்.

அவளுடைய கடிதம்.

கடிதத்தின் தலையில் சிவப்பு மையில் ஒரு முத்திரை: 'விசாரணை முடியும் வரை உதவிகள் அனைத்தும் நிறுத்தம்.' கீழே அன்றைய தேதி.

முதலில் வந்தது பயம் அல்ல. தித்திப்பு. தொண்டைக்குழி வரைக்கும் இறங்கிய தித்திப்பு. எதிர் ஜன்னலைப் பார்த்து, "இப்ப நில்லுங்க பாக்கலாம்!" என்று முணுமுணுத்தாள். கடிதத்தைக் கவரில் போட்டுப் பின் அடித்தாள். சட்டம் சட்டம்தான்.

புதன்கிழமை பதினொரு மணி. ஜன்னலில் ஆள் இல்லை.

'பயந்துட்டான்' என்று நினைத்தாள்.

வியாழக்கிழமையும் இல்லை. திரைச்சீலை பாதி மூடியிருந்தது. லாண்டரிக்காரர் ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றார். "ரெண்டு நாளா தம்பியைக் காணோம். எனக்கு என்னவோ போல இருக்கு. நீ ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன்."

"நீங்க போங்களேன்."

"நான் போனா அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. நல்லா இருக்கோம் மாமான்னு கதவைச் சாத்திடுவா. பொம்பளைங்க கிட்டதான் வாய் திறப்பா."

உண்மையில் பெரியவளுக்கும் போக வேண்டும் போல்தான் இருந்தது. அடிபட்ட எதிரியை நேரில் பார்க்கிற ஆசை. அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்பது வேறு கதை.

வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு இஸ்திரி போட்ட இரண்டு விரிப்புகளைக் கையில் அடுக்கிக்கொண்டு, லிஃப்ட் ஏறினாள். 69ஆம் எண் கதவைத் தட்டினாள்.

சின்னவள் திறந்தாள். தலை கலைந்து, கண் உள்ளே போய், சேலை முந்தானை ஈரமாக இருந்தாள். பெரியவளைப் பார்த்ததும் ஒரு கணம் கதவை மூடப் போனவள் போல் நின்றாள். பிறகு வழிவிட்டாள்.

"வாங்கக்கா. ரெண்டு வருஷமா வழி தெரியலையா?"

"கடை. விட்டுட்டு எங்க வர்றது?"

"கடை இங்கேருந்தே தெரியுதே. இருபது எட்டு கூட இல்ல."

உள்ளே அறை நிறைய வெயில். பெரியவள் பார்வை முதலில் வாஷிங் மெஷினைத் தேடிப் பிடித்தது. பிறகுதான் கட்டிலைப் பார்த்தாள். கொழுந்தன் மல்லாந்து கிடந்தான். ஆள் பாதியாகியிருந்தான். மூச்சு கரகரவென்று இழுத்தது.

"அண்ணி!" என்றான். முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணன் நேத்து எத்தனை ஷீட் மடிச்சார்? ரெண்டு நாளா கணக்கு விட்டுப் போச்சு."

"என்ன கணக்கு தம்பி?"

சின்னவள் ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்திருந்த ஒரு பலகையைக் காட்டினாள். ஆள் உயரம். நடுநடுவே தடித்த பெல்ட்டுகள். "அதுல கட்டி தினம் ஒரு மணி நேரம் நிக்க வைக்கணும்னு டாக்டர் கட்டளை. நிக்கலன்னா நெஞ்சுல சளி கட்டிக்கும். புண்ணு வரும். சும்மா சுவத்தைப் பாத்து நிக்க மாட்டேன்னு அடம் பிடிச்சார். அதனால ஜன்னல்ல. நீங்களும் மாமாவும் பெரிய ஷீட்டை ரெண்டு பக்கமும் பிடிச்சு மடிப்பீங்களே, அதை எண்ணிக்கிட்டே நிப்பார். நேரம் போறது தெரியாதாம்."

பெரியவள் கையிலிருந்த விரிப்புகள் கனத்தன. "இப்ப ஏன் நிக்க வைக்கல?"

"தூக்க ஆள் வேணுமே. ஆபீஸ்லேருந்து ஒருத்தர் வருவார். செவ்வாக்கிழமையோட நிறுத்திட்டாங்க. யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்காங்க, இவர் எழுந்து நிக்கிறார்னு. பக்கத்து வீட்டுக்காரிதான், எனக்குத் தெரியும். அவளோட முகத்திலயே முழிக்கிறதில்ல இப்ப."

பெரியவள் சுவரைப் பார்த்தாள்.

"என் கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? எதிர்லதானே இருக்கேன்?"

சின்னவள் சிரித்தாள். அது சிரிப்பில் சேர்த்தி இல்லை. "உங்க கிட்டயா? அக்கா, ஆஸ்பத்திரிக்கு நீங்க சாப்பாடு கொண்டு வந்தீங்க. மறக்கல. ஆனா ஒவ்வொரு வேளையும் மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடி உங்க முகத்தைப் பாக்கணும். இன்னிக்குக் கோபமா, சலிப்பா, பஸ்ல கூட்டமான்னு. அது செரிச்சாத்தான் சோறு செரிக்கும். அரசாங்கத்துக்கு முகம் இல்லக்கா. கையெழுத்துப் போட்டா போதும். எனக்கு அதுதான் நிம்மதி."

சுரீர் என்றது. நூற்றிருபது சாப்பாட்டையும் ஒரே கையால் கவிழ்த்துவிட்டாள். திருப்பிக் கொடுக்க நாக்கு நுனியில் ஒன்பது பதில் இருந்தது. ஆனால் கட்டிலிலிருந்து அந்தக் கரகர மூச்சு.

"பலகையை எடு" என்றாள் பெரியவள்.

ஈரக் கம்பளிகளைப் பிழிந்து உரமேறிய கைகள். கொழுந்தனை அலாக்காகத் தூக்கினாள். இருவருமாக நிறுத்தி, பெல்ட்டுகளை இழுத்து மாட்டினார்கள். அப்போதும் அவன் உடம்பு வலது பக்கம் சரிந்தது. சின்னவள் பழக்கமாகப் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, இரண்டு கைகளையும் அவன் இடுப்பைச் சுற்றிக் கோத்து, கன்னத்தை முதுகில் சாய்த்துக்கொண்டாள்.

"ஒரு மணி நேரமும் இப்படியேவா நிப்ப?"

"வேற எப்படி? விட்டா சரிஞ்சுடுவாரே."

பெரியவளின் நெஞ்சுக்குள் ஏதோ கிள்ளியது. தன்னை யாராவது ஒரு மணி நேரம் இப்படிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்களா? ஒரு நிமிடம்? அடிபட்டுக் கிடக்கிறவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கிள்ளல் நிற்கவில்லை.

"எனக்கும் வயிறு எரியும்க்கா" என்றாள் சின்னவள், முதுகுக்குப் பின்னாலிருந்து. "இங்கேருந்து உங்களைப் பாக்கறப்ப. ரெண்டு பேரும் ஷீட்டைப் பிடிச்சுக்கிட்டு எதிரும் புதிருமா நடந்து வருவீங்க, கைக்குக் கை சேருவீங்க, மறுபடி விலகுவீங்க. இவர் என் கூட நடந்து ரெண்டு வருஷமாச்சு. இவர் எண்ணிக்கிட்டு நிப்பார். நான் கண்ணை மூடிக்குவேன்."

பெரியவள் ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். கடையில் லாண்டரிக்காரர் தனியாக ஒரு விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு முனையைத் தாடையில் இடுக்கி, மறு முனையைத் தேடி.

"ஒண்ணு" என்றான் கொழுந்தன் சந்தோஷமாக.

மாலை ஐந்து மணி. சாம்பல் கோட்டுக்காரர் வந்தார். பெரியவள் கோட்டையும், பின் அடித்த கவரையும் கல்லா மேல் வைத்தாள்.

கவரைப் பிரித்தவர் பெருமூச்சு விட்டார். "அட! இதைத் தேடி மூணு நாளா ஆபீஸையே தலைகீழாப் புரட்டிட்டேன். இது தொலைஞ்சா அந்த ஃபைல் அப்படியே கிடந்திருக்கும். உதவியும் நின்னது நின்னதுதான்."

பிறகு அவர் விடைபெறவில்லை. ரசீதை எடுத்துக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். இந்த ரசீதுல 196. ஒன்பதுக்கு அடியில ஒரு கோடு, ஆறுக்கு அடியில ஒரு கோடு. எதுக்கு?"

"அது..." என்று ஆரம்பித்தவளை முந்திக்கொண்டு, பின்னால் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த லாண்டரிக்காரர் உற்சாகமாகப் பதில் சொன்னார். "அது எங்க தொழில் சார். சீட்டு தலைகீழாத் தொங்கினா ஆறு ஒன்பதாயிடும். ஒருத்தர் பேண்ட் இன்னொருத்தர் இடுப்புக்குப் போயிடும். கோடு எந்தப் பக்கமோ அதுதான் அடி. இவ தூக்கத்துல எழுதினாலும் கோடு போட்டுத்தான் எழுதுவா."

அதிகாரி கடிதத்தைத் திருப்பிக் காட்டினார். எண் 69. ஆறுக்கு அடியில் ஒரு கோடு. ஒன்பதுக்கு அடியில் ஒரு கோடு.

சட்டை மேல் வைத்த இஸ்திரிப் பெட்டியை லாண்டரிக்காரர் எடுக்கவில்லை. கருகல் வாடை கிளம்பியது. அந்தக் கடையில் கருகிய முதல் சட்டை அது.

"மாசம் நாற்பது கடுதாசி வருது" என்றார் அதிகாரி, குரலை உயர்த்தாமல். "எதிரிங்க எழுதறதில்லம்மா. சொந்தக்காரங்கதான்."

பெரியவளுக்கு மிரண்ட கோபம் வந்தது. "சார், நான் கட்டறேன். என் உழைப்பு. யாருக்குப் போகணும்னு என்னைக் கேக்காம எடுக்கறீங்க. கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேன்."

"எல்லாருக்கும் கொடுத்திருப்பீங்களா? உங்களுக்குப் பிடிச்சவங்களுக்கா?"

சின்னவளுக்குக் கொடுத்திருப்பாளா? பால் காய்ச்சிய அன்றைக்கு அப்புறம்? பதில் அவளுக்கே தெரிந்தது.

"அதனாலதான் கேக்கறதில்ல" என்றார் அவர்.

"இதை எப்படி ரத்து பண்றது?"

"பேர் இல்லாத புகாரை வாபஸ் வாங்க முடியாது. வரிசைப்படி விசாரணை வரும். ரெண்டு மாசம். புகார் கொடுத்தவங்களே பேர் போட்டு, தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு எழுதிக் கொடுத்தா திங்கக்கிழமை உதவி திரும்பப் போகும்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா அதுல ஒரு நகல் அந்த வீட்டுக்கும் போகும். விதி."

ரெண்டு மாசம். அந்தக் கரகர மூச்சு ரெண்டு மாசம் தாங்குமா? கையெழுத்துப் போட்டாலோ, சின்னவள் கையில் ஆயுசுக்கும் ஒரு சாட்டை. ஒவ்வொரு குடும்ப விசேஷத்திலும் எடுத்து வீசுவாள். இனி பெரியவள்தான் அவள் முகத்தைப் பார்த்துச் சோறு செரிக்க வேண்டும்.

"நான் தினம் போய்த் தூக்கி விடறேன் சார். கையெழுத்து வேண்டாமே."

"வீட்டுக்கு? மருந்துக்கு? அதையும் நீங்களே கொடுத்துடுவீங்களா?"

பெரியவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருக்கலாம். கருகிய சட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். அவ்வளவுதான்.

வலது கையால் எழுதினாள். பெயர், விலாசம், எல்லாம். தேதியில் ஒரு ஒன்பது வந்தது. அடியில் கோடு தானாக விழுந்தது.

திங்கட்கிழமை அந்த ஆபீஸ் ஆள் எதிர்க் கட்டடத்துக்குள் போவதைப் பார்த்தாள். செவ்வாயும் போனார். புதன்கிழமை காலை சின்னவளே கடைக்கு வந்தாள். கையில் ஒரே ஒரு சட்டை, கொழுந்தனுடையது.

"வீட்டுல மெஷின் இருக்கே?" என்றாள் பெரியவள். குரல் தழைந்து வந்தது.

"இருக்கு. பாக்கெட்டைப் பாத்துட்டுத் துவைங்கக்கா." வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

பாக்கெட்டில் அந்த நகல் இருந்தது. எட்டாக மடித்து. கண்ணீர்க் கறை, கிழிசல், திட்டு, எதுவும் இல்லை. படித்தேன், எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியட்டும். அவ்வளவு.

பெரியவள் அதைக் கவரில் போட்டாள். பின் அடித்தாள். எண் எழுதினாள். நாளைக்கு அவள் வந்து வாங்கும்போது முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்தது. மூன்றாவது மாடி ஜன்னலில் கொழுந்தன் நின்றான். அவன் சட்டைக்குக் குறுக்கே இத்தனை நாளாக அவள் பெல்ட் என்று நினைத்திருந்தது பெல்ட் அல்ல. கோத்த இரண்டு கைகள்.

பெரியவள் கொஞ்ச நேரம் அந்தக் கைகளையே பார்த்தாள். பிறகு குவியலிலிருந்து இருப்பதிலேயே பெரிய விரிப்பாகப் பார்த்து இழுத்தாள்.

"என்னங்க, இங்க வாங்க. அந்தப் பக்கம் பிடிங்க. இங்க இல்ல, வாசல்ல, வெளிச்சத்துல."

"வாசல்லயா? தூசி படுமே."

"பரவாயில்ல. மெதுவா நடங்க. அவசரமே இல்ல."

அவர் எதிர் முனையைப் பிடித்துக்கொண்டு அவளை நோக்கி வந்தார். கைக்குக் கை சேர்ந்தது. வழக்கத்தைவிட ஒரு கணம் அதிகமாக அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.

பார்க்கட்டும். சின்னவளும் கண்ணை மூடாமல், நன்றாகப் பார்க்கட்டும்.